815 ரெசின் கிட்: வாங்குங்க, ஆனா அந்த குதிரைய மட்டும் ஒட்டிடாதீங்க

எந்த கிட் வாங்கினாலும் பெட்டிய பிரிச்சதும் மொதல்ல டீகால் ஷீட்ட, அதாவது வண்டி மேல ஒட்டற நம்பர், சின்னம் எல்லாம் இருக்கிற ஷீட்ட தான் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பாப்பேன். பாடி கோணலா இருந்தா சுடுதண்ணில போட்டு நிமித்திக்கலாம், மேடு பள்ளம் இருந்தா உப்புத்தாள் போட்டு இழைச்சிக்கலாம், ஆனா டீகால் தப்புன்னா அது வேற வண்டியாவே ஆயிடும். இந்த ஷீட்ல 65னு ஒரு செட், 66னு ஒரு செட், அதுக்கு கீழ ஓரமா மஞ்ச கட்டத்துக்குள்ள பின்னங்கால்ல நிக்கிற கறுப்பு குதிரை ரெண்டு, அதாவது ஃபெராரி சின்னம். அந்த குதிரைய பாத்ததும் எனக்கு மனசு கஷ்டமா போச்சு. இந்த வண்டி மேல அந்த குதிரை ஏறினதே இல்ல, ஏறியிருக்கவும் முடியாது. அது ஏன்னு புரிஞ்சாதான் இந்த வண்டியே புரியும், அதனால இந்த ரிவ்யூ கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

பொருள் என்னன்னா, 1:43 அளவு ரெசின் கிட், 1940-ல இத்தாலில மொடேனாவுல செஞ்ச ஆட்டோ அவியோ கோஸ்ட்ருட்சியோனி 815. இத்தாலியிலயே ஒரு சின்ன பட்டறைல செய்றாங்க, பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன். ஷிப்பிங், கஸ்டம்ஸ் டியூட்டி எல்லாம் சேத்து எனக்கு 9,000 ரூபாய தாண்டிடுச்சு, வர்றதுக்கு அஞ்சு வாரம். ஒரே பீஸா வார்த்த பாடி, தனியா தரை, ஒயிட் மெட்டல் சீட்டும் ஸ்டியரிங்கும், கம்பி வீலுக்கு போட்டோ எட்ச் தகடு (மருந்துல அரிச்சு வெட்டின மெல்லிசு தகடு), ஒரு குட்டி விண்ட்ஸ்கிரீன், டீகால், ஒரு பக்க விளக்கத்தாள். பேக்கிங் நல்லா இருந்துச்சு, ஒண்ணும் உடையல. பெட்டி மேல மட்டும் கொட்டை எழுத்துல "ஃபெராரி 815"னு போட்டிருக்கு.

இங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது. என்ஸோ ஃபெராரி 1929-லேர்ந்து மொடேனாவுல ஸ்குதேரியா ஃபெராரின்னு ஒரு டீம் வெச்சு ஆல்ஃபா ரோமியோ வண்டிங்கள ரேஸ்ல ஓட்டிட்டு இருந்தாரு, குதிரை எல்லாம் அந்த ஆல்ஃபாக்கள் மேல தான் மொதல்ல வந்துச்சு, 1932-ல ஸ்பா 24 மணி நேர ரேஸ்ல. அப்புறம் 1938-ல ஆல்ஃபா கம்பெனியே ரேஸ் வேலைய தன் கைக்கு எடுத்துக்கிச்சு, இவர அங்க மேனேஜரா உக்கார வெச்சாங்க, ஒத்துப்போகல, 1939-ல வெளிய வந்துட்டாரு. வெளிய வரும்போது ஒரு கண்டிஷன்: நாலு வருஷத்துக்கு ஸ்குதேரியா ஃபெராரின்னோ தன் பேர்லயோ ரேஸ்ல இறங்கக் கூடாது. அதனால அதே மொடேனாவுல, அதே பழைய ஸ்குதேரியா கட்டடத்துல, வேற பேர்ல கம்பெனி ஆரம்பிச்சாரு. அந்த பேர்தான் ஆட்டோ அவியோ கோஸ்ட்ருட்சியோனி. ஆட்டோன்னா கார், அவியோன்னா விமானம், கோஸ்ட்ருட்சியோனின்னா கட்டுமானம், அவ்ளோதான், ஏதோ மெஷின் பார்ட்ஸ் செய்ற கம்பெனி மாதிரி ஒரு பேரு, உண்மையிலயே விமான இஞ்சினுக்கு பார்ட்ஸும் செஞ்சு குடுத்தாங்க.

ஆக ஒரு மனுஷன் தன் வாழ்க்கைல சொந்தமா செஞ்ச மொதல் கார்ல தன் பேரையே போட முடியாம நின்னிருக்காரு. அந்த வண்டியோட மொத்த கதையே இதுதான். அதுல போய் குதிரைய ஒட்டினா கதைய நம்மளே அழிச்சிட்ட மாதிரி.

எண்ண பாருங்க, 815. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே மொடேனா பட்டறைல இவர் ஆளுங்க ஆல்ஃபாவுக்காக செஞ்சு குடுத்த வண்டி பேரு 158. ஒன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர். அதே மூணு எண்ணு, இடம் மட்டும் மாறியிருக்கு. விட்டுட்டு வந்த வீட்டோட நம்பர மாத்திப்போட்டு புது வீட்டுல மாட்டின மாதிரி எனக்கு படும். அவர் அத நினைச்சு தான் வெச்சாரான்னு நான் சொல்ல வரல, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப்பாத்தா கண்ணு அங்கயே நிக்குது.

வண்டிய கேட்டவங்க ரெண்டு பேரு. 1939 டிசம்பர்ல கேட்டாங்க, அவங்க ஓட்ட நினைச்ச மில்லே மில்லியா ரேஸ் 1940 ஏப்ரல் 28. ஒருத்தர் மொடேனாக்காரரு, லொத்தாரியோ ரங்கோனி மாக்கியாவெல்லி, மார்க்விஸ் பட்டம் உள்ள பெரிய குடும்பம். இன்னொருத்தர் 21 வயசு பையன், அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டிட்டு இருந்தவரு, பேரு ஆல்பெர்த்தோ அஸ்காரி. பின்னாடி 1952, 1953 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன் ஆனாரே, அதே அஸ்காரி தான். அவங்க அப்பா அந்தோனியோ அஸ்காரி, என்ஸோவோட நெருங்கின சிநேகிதரு, 1925-ல பிரான்ஸ்ல மோன்லெரி டிராக்ல ஆல்ஃபா ஓட்டும்போதே இறந்துட்டாரு. செத்துப்போன சிநேகிதனோட பையன் வந்து எனக்கு ஒரு கார் செஞ்சு குடுங்கன்னு நிக்கும்போது முடியாதுன்னு யாரு சொல்லுவா.

கையில இருக்கிறது நாலே மாசம். நாலு மாசத்துல ஒரு கார மொத்தமா புதுசா செய்ய முடியாது. டிசைன் பண்ண ஆல்பெர்த்தோ மஸ்ஸிமினோவும் அவர் கூட இருந்த வித்தோரியோ பெல்லெந்தானியும் அப்ப கடைல கெடைச்ச நல்ல வண்டி ஒண்ண அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க, ஃபியட் 508 சி, அதாவது பலில்லா 1100. சேசிஸ், முன்னாடி சஸ்பென்ஷன், பின்னாடி ஆக்ஸில், சிலிண்டர் ஹெட் எல்லாம் அதுலேர்ந்து.

இத நம்ம கையாலயே செக் பண்ணிக்கலாம், நான் பண்ணேன். ஃபியட் 508 சி-யோட வீல்பேஸ் 2,420 மி.மீ. 43-ஆல வகுத்தா 56.3 வரணும். கிட்டோட தரைல முன் ஆக்ஸில் ஓட்டைலேர்ந்து பின் ஆக்ஸில் ஓட்டைக்கு வெர்னியர் வெச்சு அளந்தேன், 56.4. 0.1 மி.மீ. தான் வித்தியாசம், ரெசின் சுருங்கறதுல அது ஒண்ணுமே இல்ல. இத பாத்தப்ப தான் எனக்கு இந்த கிட் செஞ்சவங்க மேல மரியாதை வந்துச்சு, பெட்டி மேல பேர தப்பா போட்டாலும் அளவ எடுத்தவரு ஒழுங்கான ஆளு. பேப்பர்ல ஃபெராரின்னு இருக்கு, அளவுல ஃபியட்னு இருக்கு. மாடல் வண்டிய தூக்கி வெச்சு அதோட பூர்வீகத்த அளவுகோல்லயே படிக்க முடியுதுன்னா அத விட என்ன வேணும்.

அடுத்து இஞ்சின், இங்க தான் கிட் மேல எனக்கு பெரிய குறை. பானெட் தொறக்காது, பாடியோட சேத்தே வார்த்திருக்காங்க, கீழ தரைல ஒரு மேடு மட்டும் காட்டியிருக்கு. இந்த வண்டில பாக்க வேண்டியதே அந்த பானெட்டுக்கு கீழ இருக்கறது தான்.

என்ன பண்ணாங்கன்னா, ஃபியட் 1100 நாலு சிலிண்டர் இஞ்சின், போர் (சிலிண்டர் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 75 மி.மீ., மொத்தம் 1,089 சிசி. இந்த 68க்கு 75 கணக்க எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு சிலருக்கு தோணும். நம்ம ஊர் பிரீமியர் பத்மினி இஞ்சின் அளவும் அதே தான், 68, 75, 1,089 சிசி. 1937-ல ஃபியட் போட்ட அந்த கணக்கு அறுபது வருஷம் கழிச்சும் நம்ம ரோட்ல ஓடிட்டு இருந்துச்சு. எங்க வீட்லயும் பத்மினி இருந்துச்சு, ஸ்கூல் லீவுல அப்பா கூட பட்டறைக்கு போனா மெக்கானிக் அண்ணன் ஹெட்ட கழட்டி சாக்கு மேல வெச்சு கரி சுரண்டிட்டு இருப்பாரு, நான் கிட்ட போய் குனிஞ்சு பாத்தா "தொட்டுப்பாரு தம்பி, கருப்பாயிடும்னு பயப்படாத"ன்னு சொல்லுவாரு. நாலு குழி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வால்வு. 815-ல எட்டு சிலிண்டருக்கு ரெண்டு ஃபியட் ஹெட்ட வரிசையா வெச்சாங்கன்னு மொதல் தடவ படிச்சப்ப எனக்கு கண்ணு முன்னாடி வந்தது இத்தாலி இல்ல, அந்த சாக்கு தான். அந்த மாதிரி ரெண்டு ஹெட்ட நீளவாக்குல ஒண்ணு பின்னாடி ஒண்ணு வெச்சா எவ்ளோ நீளம் வரும்னு என் கையே சொல்லிடுச்சு.

ஆனா ரெண்டு இஞ்சின அப்படியே முன்ன பின்ன ஒட்டினா சரியா வராது. 1,089-ஐ ரெண்டால பெருக்கினா 2,178, இவங்க இறங்கற ரேஸ் கிளாஸுக்கு, அதாவது இஞ்சின் அளவு பிரிவுக்கு, வரம்பு 1,500 சிசி. அதனால போர 63 ஆக்கி ஸ்ட்ரோக்க 60-க்கு இறக்கினாங்க, எட்டு சிலிண்டருக்கும் சேத்து 1,496 சிசி. பிளாக் ஃபியட்டோடது இல்ல, அலுமினியத்துல புதுசா போலோஞாவுல கல்ட்சோனி ஃபவுண்டரில வார்த்தது. கிராங்க்கும் கேமும் புதுசு, அஞ்சு பேரிங் கிராங்க், ஏன்னா எட்டு சிலிண்டருக்கு ஃபயரிங் ஆர்டரே வேற. நாலு வெபர் கார்புரேட்டர். 32 குதிரைசக்தி குடுத்த ஃபியட் குடும்பத்துலேர்ந்து 75 பக்கம் வந்துச்சு, வேகம் மணிக்கு 170 கி.மீ. பக்கத்துல. ஃபியட் பார்ட்ஸ ஒட்டி செஞ்ச வண்டின்னு சில பேரு இத மட்டமா பேசறத கேட்டிருக்கேன், அந்த பேச்சு எனக்கு பிடிக்காது. ஸ்ட்ரோக்க போரை விட குறைச்சலா வெச்சதுலயே பாருங்க, இஞ்சின் வேகமா சுத்தணும்னு நினைச்சு போட்ட கணக்கு அது. நாலு மாசத்துல, கடைல கெடைச்ச ஹெட்ட வெச்சு, இவ்ளோ யோசிச்சிருக்காங்க.

அதுல பாதியாவது இந்த கிட்ல காட்டியிருக்கலாம். பானெட்ட தனி பீஸா குடுத்து, ஒயிட் மெட்டல்ல ஒரு நீள பிளாக், மேல ரெண்டு ஹெட்டுக்கு நடுவுல ஒரு கோடு, அந்த ஒரு கோடு இருந்தாலே போதும் தெரிஞ்சவன் கண்டுபிடிச்சிடுவான். இந்த விலைக்கு அத எதிர்பாக்கறது தப்பில்ல.

பாடிக்கு வருவோம், இங்க மார்க் தாராளமா போடலாம். மிலான்ல இருந்த கரோட்சேரியா டூரிங்னு ஒரு பட்டறை செஞ்ச பாடி, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த இட்டாலூமாக்னு ஒரு தகடு, முழு பாடியோட எடை 54 கிலோ. நம்ம ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ, அதோட நாலு கிலோ கூட, அவ்ளோதான் ஒரு கார் பாடி. முன் மட்கார்ட் முட்டிக்கிட்டு தனியா நிக்காம பக்கவாட்டுலயே வழிஞ்சு கதவு பக்கம் போய் கரையற இடம் ஒண்ணு இருக்கு, கிட் செய்றவங்க எப்பவும் கோட்ட விடற இடம் அது, ஒண்ணு ரொம்ப கூரா ஆக்கிடுவாங்க இல்ல சோப்பு மாதிரி வழுவழுன்னு விட்டுடுவாங்க. இதுல பிரைமர் அடிச்சு விளக்கு வெளிச்சத்த சாய்வா விட்டு பாத்தேன், நிழல் மட்கார்ட் மேலேர்ந்து ஒரே இழுப்புல ஓடி கதவு கிட்ட மெலிஞ்சு காணாம போகுது. பழைய போட்டோவ பக்கத்துல வெச்சேன், அதே நிழல். ரெண்டு நாள் பெயிண்ட் அடிக்கவே மனசு வரல, சாம்பல் கலர்லயே மேஜைல வெச்சு பாத்துட்டு இருந்தேன்.

கதவுக்கோடு கொஞ்சம் ஆழம் கம்மி, பெயிண்ட் அடிச்சா மூடிக்கும், முன்னாடியே ஸ்கிரைபர் வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்துக்கங்க. வால் பக்கம் அடில சின்ன சின்ன காத்துக்குழி ஏழெட்டு இருந்துச்சு, புட்டி வெச்சு அடைச்சேன். கம்பி வீல் பாக்க அருமை, மடிக்க கொடுமை, ட்வீசர் நல்லதா இல்லன்னா தொடாதீங்க. விண்ட்ஸ்கிரீன் எனக்கு மஞ்ச தட்டி வந்துச்சு, அத தூக்கி போட்டுட்டு ஓஎச்பி ஷீட்ல வெட்டிக்கிட்டேன். கலருக்கு விளக்கத்தாள்ல "ரேஸிங் ரெட்"னு மட்டும் போட்டிருக்கு. இப்ப பாக்கற ஃபெராரி செவப்ப அடிச்சிடாதீங்க, இப்ப இருக்கிற வண்டி நல்லா அடர்ந்த செவப்பு, நான் அதுக்கு கிட்ட வர்ற மாதிரி செவப்புல கொஞ்சம் பிரவுன் கலந்து அடிச்சேன், கிளியர் கோட் மெல்லிசா ஒரே கோட்.

"இப்ப இருக்கிற வண்டி"ன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு தான் வரேன், ஏன்னா டீகால் ஷீட்ல 65ம் 66ம் ரெண்டும் குடுத்திருக்காங்க, எத ஒட்டறதுன்னு நீங்க முடிவு பண்ணணும், விளக்கத்தாள்ல அதப்பத்தி ஒரு வார்த்தை கெடையாது. எனக்கு இதுதான் கிட்லயே பெரிய விஷயம்.

மொத்தம் செஞ்சதே ரெண்டு வண்டி, சேசிஸ் 020, 021. 020 ரங்கோனியோடது, அவர் கூட என்ரிக்கோ நார்தி உக்காந்தாரு, வண்டிய டெஸ்ட் பண்ணவரும் அவரே, பின்னாடி நார்தி ஸ்டியரிங்னு மர ஸ்டியரிங் வீல் உலகம் பூரா பேர் வாங்கிச்சே அந்த நார்தி. ரேஸ் நம்பர் 65. 021 அஸ்காரியோடது, கூட ஜொவான்னி மினோட்சி, நம்பர் 66.

ரேஸ் மில்லே மில்லியா தான், பேருக்கு அர்த்தமே ஆயிரம் மைல், ஆனா பழைய ஆயிரம் மைல் ரூட் இல்ல. 1938-ல போலோஞாவுல ஒரு வண்டி கூட்டத்துக்குள்ள பாஞ்சு குழந்தைங்க உட்பட பல பேரு செத்துப்போனதுக்கப்புறம் அந்த ரேஸ தடை பண்ணிட்டாங்க, 1940-ல பிரெஷா, கிரெமோனா, மாந்தோவா மூணையும் இணைக்கிற முக்கோண ரோட்ல ஒன்பது சுத்து, ஒரு சுத்து 165 கி.மீ. பக்கம். அஸ்காரி வண்டி ஆரம்பத்துல கிளாஸ்ல நல்லா முன்னாடி போச்சு, சீக்கிரமே வால்வு பக்கம் உடைஞ்சு நின்னுடுச்சு. ரங்கோனி வண்டி கிளாஸ்ல லேப் ரெக்கார்ட் போட்டு, ஏழு சுத்து முடியும்போது அடுத்த வண்டிய விட அரை மணி நேரம் முன்னாடி. ரெண்டே சுத்து பாக்கி. அங்க நின்னுச்சு. அரை மணி நேர லீட வெச்சுக்கிட்டு ரோட்டோரமா வண்டிய விட்டு இறங்கின அந்த ரெண்டு பேரையும் நான் நிறைய தடவ நினைச்சிருக்கேன். ரேஸ ஜெயிச்சது பி.எம்.டபிள்யூ 328 கூபே, அதுக்கு பாடி செஞ்சதும் அதே மிலான் டூரிங் பட்டறை.

அங்கேருந்து சரியா 43 நாள், ஜூன் 10, இத்தாலி போர்ல இறங்கிடுச்சு. ரேஸ் எல்லாம் போச்சு. ரங்கோனி போர்க்காலத்துல இறந்துட்டாரு. அவரோட 020 போருக்கப்புறம் பழைய இரும்புக்கு போய் முடிஞ்சுது. இன்னிக்கு 020 இல்ல.

021 வேற ரூட்ல போச்சு. அஸ்காரி கிட்டேருந்து என்ரிக்கோ பெல்த்ரக்கினின்னு ஒரு ரேஸ் டிரைவர் கைக்கு வந்து, அவர் 1947-ல அத ரேஸ்ல ஓட்டினாரு, அப்புறம் ஒரு மியூசியத்துக்கு வித்து, மனசு கேக்காம திரும்ப வாங்கி, கடைசில மாரியோ ரிகினி கிட்ட வந்து சேந்துச்சு. இந்த ரிகினி யாருன்னா, குடும்பத்தொழிலே பழைய வண்டிங்கள ஒடைக்கறது. ஒடைக்க வந்ததுல நல்ல வண்டிங்கள ஒடைக்காம எடுத்து வெச்சு எடுத்து வெச்சு முன்னூத்துக்கும் மேல சேத்துட்டாரு, மொடேனாவுக்கும் போலோஞாவுக்கும் நடுவுல கஸ்தெல்ஃபிராங்கோ எமிலியா பக்கத்துல பன்சானோ கோட்டைல அந்த கலெக்ஷன் இருக்கு. ஒரு வண்டி இரும்புக்கடைல அழிஞ்சுது, அதோட கூடப்பொறந்தது இரும்புக்காரர் கையாலயே பிழைச்சுது.

சரி, கிட்டுக்கு இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நேரடி சம்பந்தம். கிட் செய்றவங்க அளவெடுக்கணும்னா 021 ஒண்ணு தான் இருக்கு. டூரிங் பட்டறைல தகட கையால தட்டி செஞ்ச பாடிங்க, ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கும்னு எதிர்பாக்க முடியாது. அதனால இந்த ஒரே ரெசின் பாடி மேல 65 ஒட்டினா இல்லாத வண்டியோட நம்பர இருக்கிற வண்டி மேல ஒட்டறோம். அதோட முடியல. 1947-ல திரும்ப ரேஸ் ஓடி, கை மாறி, மியூசியம் போய் வந்த வண்டி 1940 ஏப்ரல் 28 காலைல பிரெஷாவுல நின்ன மாதிரியே இன்னிக்கும் இருக்குன்னு எடுத்துக்கவும் கூடாது. எந்த வண்டின்னு மட்டும் இல்ல, எந்த நாளோட வண்டின்னும் கேக்கணும். பழைய ரேஸ் கார் பூர்வீகம் தேடறவங்க சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர், ரேஸ் நம்பர், தேதி தெரிஞ்ச போட்டோ, இத்தாலில 1927-லேர்ந்து இருக்கிற வண்டி உரிமைப் பதிவேடு, இத்தனையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பாப்பாங்க. ஒரு நம்பர் மட்டும் பொருந்தினா போதாது, நம்பர் பலகைய கழட்டி இன்னொண்ணுல மாட்ட அஞ்சு நிமிஷம் போதும்.

மெயின் கம்பெனி கதையிலயே பாருங்களேன். ஃபெராரின்னு பேர் போட்டு வந்த மொதல் வண்டி 125 எஸ், ஒன்றரை லிட்டர் வி12, 1947 மே 11 பியாசென்சாவுல மொதல் ரேஸ், ஃபிராங்கோ கொர்தேசே ஓட்டி லீட்ல இருக்கும்போது ஃபியூயல் பம்ப் போய் நின்னுச்சு, ரெண்டு வாரம் கழிச்சு ரோம்ல ஜெயிச்சாரு. அந்த 125 எஸ் எதுவும் அன்னிக்கு இருந்த உருவத்துல இன்னிக்கு இல்ல, பார்ட்ஸ் எல்லாம் அடுத்தடுத்த வண்டிங்களுக்குள்ள கலந்துடுச்சு, ஃபேக்டரியே பின்னாடி ஒரு நகல் தான் செஞ்சு வெச்சாங்க. அப்ப ஃபெராரி பேர் இல்லாத 021 மட்டும் எல்லா ஃபெராரிக்கும் மூத்ததா, உசிரோட கோட்டைக்குள்ள நிக்குது. அதுக்கு குதிரை ஒட்டி என்ன ஆகப்போகுது சொல்லுங்க.

கிட் செய்றவங்களுக்கு மெயில் போட்டேன், மரியாதையா தான் கேட்டேன், பெட்டில பேர மாத்துங்க, குதிரைய எடுத்துடுங்க, 65க்கும் 66க்கும் வித்தியாசத்த ரெண்டு வரி எழுதுங்கன்னு. நாலு நாள்ல பதில் வந்துச்சு, நல்லா தான் பேசினாரு, 815னு மட்டும் போட்டா யாரும் திரும்பிப்பாக்க மாட்டேங்கறாங்க, ஃபெராரின்னு இருந்தா தான் விக்குதுன்னாரு, அந்த ரெண்டு வரி விஷயத்த அடுத்த பிரிண்ட்ல சேக்கறேன்னாரு. அவரோட கஷ்டம் எனக்கு புரியுது, சின்ன பட்டறை, அவரும் விக்கணும். ஆனாலும் பெட்டி மேல நாலு வருஷ கண்டிஷன பத்தி ஒரே ஒரு வரி எழுதினா அதுவே விக்கும்னு நான் நம்பறேன், என்னை வாங்க வெச்சதே அந்த ஒரு வரி தான். கூட கிட் கட்டற நண்பர் ஒருத்தர் "என்ஸோ செஞ்சா அது ஃபெராரி தானேடா"ன்னு வாதாடினாரு. செஞ்சவர் யாருன்னு கேட்டா ஃபெராரி தான், வண்டி பேரு என்னன்னு கேட்டா 815. ரெண்டும் வேற வேற கேள்வி.

யாருக்கு இந்த கிட் சரியா வரும்? மொதல் ரெசின் கிட்டா இத வாங்காதீங்க, வீல்லயே வெறுத்துடும். பத்து கிட் கட்டினவங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம், பாடிக்காகவே வாங்கலாம். சூப்பர் க்ளூ விண்ட்ஸ்கிரீன் கிட்ட கொண்டு போகாதீங்க, வெள்ளை பூத்துடும், பிவிஏ பசை போதும். ஆறு வாரம் சாயங்காலத்துல ஒரு மணி நேரம்னு உக்காந்தா முடிஞ்சிடும். அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், பானெட் தொறந்திருந்தா நாலரை.

நான் 66 ஒட்டினேன், அளவு எங்கேருந்து வந்துச்சோ அந்த வண்டிக்கே அந்த நம்பர் போகட்டும்னு. மூக்குல குதிரை இல்ல, பேரும் இல்ல, வெறும் செவப்பு. இன்னொரு கிட் ஆர்டர் போட்டிருக்கேன், 65 அதுக்கு. அதுக்குள்ள 020-ஓட 1940 போட்டோ எத்தனை கெடைக்குதோ அத்தனையும் சேத்து வெச்சு, வால் பக்கமும் மட்கார்ட் பக்கமும் எங்கெங்க வித்தியாசப்படுதுன்னு கோடு போட்டு பாத்துட்டு தான் அந்த பாடில உப்புத்தாள் வெப்பேன். யார் கிட்டயாவது ரங்கோனி வண்டிய பின்பக்கத்துலேர்ந்து எடுத்த தெளிவான படம் இருந்தா கீழ சொல்லுங்க, வலது பக்க பின் மட்கார்ட் தான் எனக்கு எந்த போட்டோலயும் சரியா தெரியல.